உதிர்ந்த இலை, ஒதுங்கிய கம்பு: மட்டக்களப்பில் நிலக்கலை தொடங்குகிறவர்களுக்கு

மரத்தடியில் கிடக்கும் பழுத்த இலை, கரையில் ஒதுங்கிய கம்பு, அறுவடை முடிந்த வட்டையில் (வயல்வெளியில்) மிஞ்சிய வைக்கோல், இப்படிக் கிடைப்பதைப் பொறுக்கி, அந்த இடத்திலேயே மண்ணின்மேல் ஓர் உருவம் செய்து, படம் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் காற்றுக்கும் மழைக்கும் விட்டுவிட்டு வருவதுதான் நிலக்கலை. பெயின்ட் வேண்டாம், கான்வஸ் வேண்டாம், காசும் அநேகமாக வேண்டாம். காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைத்தால் போதும், யாரும் தொடங்கலாம்.

உலகத்தில் இது 1960களின் பின்பாதியில் தனிக் கலையாகப் பேசப்படத் தொடங்கியது. 1967இல் ரிச்சர்ட் லாங் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு புல்வெளியில் ஒரே தடத்தில் போய் வந்து, போய் வந்து, புல் படிந்து ஒரு கோடு தெரியும்வரை நடந்து அதைப் படம் எடுத்தார். அதுதான் முழு வேலையும். அமெரிக்காவில் சிலர் புல்டோசர் வைத்துப் பாலைவனத்தையே வெட்டினார்கள், அது வேறு வழி, எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அன்டி கோல்ட்ஸ்வேர்தி என்பவர் இலைகளை முள்ளால் குத்திப் பிணைத்துச் செய்கிற வேலைகள்தான் நமக்குக் கிட்ட வரும். அவற்றின் படத்தை நம் ஊரில் யாருக்காவது காட்டினால் "இது நாங்க செய்யிறதுதானே" என்பார்கள். உண்மைதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் குருத்தோலையும் வேப்பிலையும் தென்னம்பாளையும் என்ன பாடுபடுகின்றன என்று பாருங்கள். குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்யாத பிள்ளை இங்கே யார்? அம்பாறைக் கரையோர ஊர்களில் பன் என்ற கோரைப் புல்லில் பாய் இழைக்கிற உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் நார் எப்போது வளையும், எப்போது முறியும் என்பது விரல்நுனியில் தெரியும். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து அதேபோல் செய்யப் போகாமல், கை ஏற்கெனவே அறிந்த வேலையிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்னொன்று, இதில் நான் கறாராக இருப்பேன்: விழுந்ததை மட்டும் எடுங்கள். ஒரு படத்துக்காகக் கிளை ஒடிப்பது, பூ பறிப்பது, கொடியை வேரோடு இழுப்பது எதுவும் வேண்டாம். நம் மண்ணில் விழுந்து கிடப்பதே ஒருவர் வாழ்நாள் முழுக்க வேலை செய்யக் காணும்.

முதலில் இடம்

எழுவான்கரையில், அதாவது கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே உள்ள கிழக்குப் பக்க நிலத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் கடல், சைக்கிளில் கொஞ்சத் தூரம் போனால் மறுபக்கம் வாவி. காலை வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக வரும், மாலை வெயில் வாவிக்கு அப்பால், மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து வரும். வெயில் சாய்ந்து விழும்போதுதான் மணலின் மேடுபள்ளமும் இலையின் நரம்பும் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அதனால் காலை வேலைக்குக் கடற்கரை, மாலை வேலைக்கு வாவிக்கரை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் ஒன்றும் செய்யாமல் சும்மா நடந்து பாருங்கள். எந்த மரம் எதை உதிர்க்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, ஆடுமாடு எந்த வழியாகப் போகிறது, அலை எதுவரை ஏறி வந்த தடம் இருக்கிறது. நம் கரையில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனாலும் கடல் கொந்தளிக்கிற நாளில் அலை நினைப்பதைவிட மேலே ஏறும். ஒதுங்கிய குப்பை கோடுபோட்டுக் கிடக்கிற இடத்துக்கு மேலே வேலை செய்தால் ஒரு நாளாவது நிற்கும். அலை வந்து கரைப்பதையே படமாக்க வேண்டும் என்றால் அதற்குக் கீழே செய்யுங்கள்.

போகக்கூடாத இடங்களும் உண்டு. கரைவலை இழுக்கிற பாடுகளில் (வலை இழுக்கும் கரைத்துண்டுகளில்) கயிறு வருகிற வழியை மறித்து ஒன்றும் செய்யாதீர்கள், அது ஆட்களின் அன்றாடப் பிழைப்பு. வாடியில் (மீனவர் கொட்டிலில்) இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் எந்த இடம் சும்மா கிடக்கும் என்று அவர்களே சொல்வார்கள். வாவியோரத்தில் புல்லும் கண்ணா மரமும் அடர்ந்த இடங்களில் முதலை இருக்கும், தண்ணீருக்குள் இறங்குமுன் அந்த ஊர் மீன்பிடிகாரரைக் கேளுங்கள். படுவான்கரை வட்டைகளில் யானை வருகிற பக்கம் என்றால் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். அம்பாறைப் பக்கம் குமண போன்ற வனசீவராசிகள் பூங்காக்களுக்குள்ளிருந்து ஒரு காய்ந்த கம்புகூட எடுத்து வரக்கூடாது. கண்டல் காடு எங்கே இருந்தாலும் வெட்டுவது குற்றம். பொத்துவில், பாணமைப் பக்கக் கரைகளில் ஆமை முட்டையிட ஏறும், தடம் கண்டால் அந்த இடத்தை விட்டு விலகி நடங்கள், அங்கே கம்பு ஊன்றவோ குழி தோண்டவோ வேண்டாம்.

கல்லடி, நாவலடி, திருச்செந்தூர்ப் பக்கக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்காதவர்கள்தான் இன்றும் வாழ்கிறார்கள். நினைவுத்தூபிகளுக்குக் கிட்ட, ஆட்கள் விளக்கு வைக்கிற இடங்களில், நம் வேலையைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போனால் நீளமான கரை இருக்கிறது.

பார்க்கிறவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

நீங்கள் குனிந்து இலையை வட்டமாக அடுக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் யாராவது வருவார்கள். "இதென்ன மனே, கோயில் வேலையா?" என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள். "இல்லப்பா, இலையில ஒரு கோலம் மாதிரி செய்யிறன், படம் எடுத்திட்டுப் போயிருவன்" என்றால் போதும். அநேகமாக அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் அறியாத ஒரு மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் பகுதியில் ஆளில்லாத இடத்தில் பூவும் இலையும் வட்டமாக வைத்திருந்தால் அதைக் கழிப்பு (தீங்கை விலக்கச் செய்கிற சடங்கு) கழித்தது என்றோ, யாரோ யாருக்கோ செய்துவைத்தது என்றோதான் முதலில் நினைப்பார்கள். அந்தப் பயம் உண்மையான பயம், அதில் நம்பிக்கை இல்லாதவர்கூட அதை மதிக்க வேண்டும். ஆகவே முச்சந்தியில் செய்யாதீர்கள். யாருடைய படலைக்கு முன்னாலும், கிணற்றடியிலும், சுடலைப் பக்கமும் செய்யாதீர்கள். தேசிக்காய், முட்டை, சாம்பல், குங்குமம், மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம். மனித உருவம் போல் ஓலையில் ஒன்று செய்து நிலத்தில் கிடத்துவது வெளிநாட்டில் சாதாரண வேலையாக இருக்கலாம், இங்கே அது ஒரு வீட்டின் நித்திரையைக் கெடுக்கும். சூலம் நட்ட மரத்தடி, பட்டுத்துணி கட்டிய ஆலமரம், பள்ளிவாசல் வளவு இவற்றில் விழுந்த இலையை எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

பொருள் சேர்ப்பது

ஒரு வாளி, இரண்டு உரப்பை, சின்னக் கத்தி ஒன்று, தும்புக் கயிறு கொஞ்சம், ஒரு கட்டு ஈர்க்கு. இதற்கு மேல் ஒன்றும் சுமக்க வேண்டாம். நைலோன் நூல், பசை, கம்பி மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இலை உக்கிப் போன பிறகும் அவை கிடக்கும், ஒரு மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும்.

நிறத்துக்கு முதலில் போக வேண்டியது நாட்டு வாதுமை மரத்தடிக்கு. ரோட்டோரத்திலும் பள்ளிக்கூட வளவிலும் தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்குமே, அந்த மரம். இலை பழுக்கிற காலத்தில் ஒரே மரத்தின் கீழ் பச்சை மஞ்சள், நல்ல மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, இரத்தக் கறுப்பு, காய்ந்த மண்நிறம் எல்லாம் கிடைக்கும். பூவரசு மஞ்சள் இலை தரும், அதன் பூ மரத்தில் இருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருந்து வாடும்போது ஊதா கலந்த சிவப்பாக மாறும், அதனால் மரத்தடியில் காலையில் பொறுக்கினால் சிவந்த பூ மட்டும் ஒரு குவியல் சேரும். வாவியோரத்து நீர்ப்பருத்தியும் அப்படியே. கொன்றை உதிர்க்கிற காலத்தில் மஞ்சள் இதழ் தரையை மூடிக் கிடக்கும். கடற்கரையில் சவுக்கு நிற்கிற இடங்களில் அதன் ஊசியிலை கோடு போட நல்ல பொருள், சின்னச் சின்னக் காய்களும் பொறுக்கலாம்.

உருவத்துக்குத் தென்னையும் பனையும் போதும். விழுந்த காவோலை, காய்ந்த பாளை, பன்னாடை, குரும்பட்டி, சிரட்டை, பொச்சு மட்டை, பனங்கொட்டை. பனங்கொட்டையைப் பற்றி ஒரு சொல்: குவித்து வைத்திருந்தால் அது கிழங்குக்குப் பாத்தி போட வைத்தது, தொடாதீர்கள். கருக்கு மட்டையின் ஓரம் வாளின் பல்லாக இருக்கும், வெறுங்கையால் இழுக்க வேண்டாம். குருத்தோலை வேண்டும் என்று மரத்தில் வெட்டப் போகாதீர்கள், அது மரத்தின் உயிர்நாடி. கோயில் திருவிழாவோ கலியாணமோ முடிந்த மறுநாள் பந்தல் கழற்றும்போது வீட்டுக்காரரையோ கோயிலாரையோ கேட்டால் வாடாத தோரண ஓலை கை நிறையத் தருவார்கள்.

தாராளமாக எடுக்கக்கூடிய பச்சைச் செடி ஒன்று உண்டென்றால் அது ஆகாயத்தாமரை என்றும் சொல்கிற ஆற்றுவாழை. குளத்தையும் வாவியையும் மூடிக்கொண்டு தோணி போகவிடாமல் மீன்பிடியைக் கெடுக்கிற களை அது. எவ்வளவு அள்ளினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் எடுத்த இடத்துத் தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீருக்கும் அதைக் கொண்டுபோகக் கூடாது, ஒரு துண்டு போதும் புதுக் குளத்தைப் பிடிக்க. வேலை முடிந்தபின் கரையில், வெள்ளம் ஏறாத இடத்தில் வெயிலில் காயவிடுங்கள்.

எதிர்ப்பக்கம், தொடவே கூடாதவை மணல்மேட்டில் படர்ந்த அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அவை இரண்டும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்வது சும்மா இல்லை, ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுப் படரும் அந்தக் கொடியில் ஒன்றை இழுத்தால் ஒரு முழப் பரப்பு மணல் அவிழ்ந்து காற்றோடு போவதைப் பார்க்கலாம். இராவணன் மீசையின் காய்ந்த முள்ளுருண்டைகள் தாமாகக் கழன்று கரையில் உருண்டு திரியும், அவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் குத்தும், பொச்சைக் கொண்டு பிடித்து எடுங்கள்.

விழுந்த இலைக் குவியலில் கை வைக்குமுன் ஒரு கம்பால் கிளறிவிடுங்கள். பாம்பும் தேளும் அதற்குள்தான் குளிர்ச்சிக்குப் படுத்திருக்கும்.

சிவப்பு இலை எல்லாம் எடுக்கிற இலை அல்ல

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வாவியோரத்தில் கண்டல் மரங்களோடு தில்லை மரமும் நிற்கும். அதன் இலை விழுமுன் நல்ல செம்மஞ்சளாக, சிவப்பாகப் பழுக்கும், பார்த்தவுடன் கை போகும். அந்த மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே மங்கிப் போகலாம். விழுந்த இலை என்றாலும் எடுக்காதீர்கள். வாவியோரத்தில் பெயர் தெரியாத மரத்தடியில் சிவப்பு இலை கண்டால் முதலில் அந்த ஊர் ஆளிடம் கேளுங்கள். எருக்கலை, கள்ளி இரண்டின் பாலும் கண்ணுக்கு ஆகாது. மஞ்சள் அலரியின் காய் நஞ்சு என்பதை நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை, பிள்ளைகளோடு வேலை செய்யும்போது அந்த மரத்தடிக்கே போகாமல் இருப்பது நல்லது. வேலியோரக் காஞ்சோண்டி பட்டால் சொறிந்து சொறிந்து அந்த நாளே போய்விடும். பால் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பொழுதுபடும் வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

முதல் வேலை: நிறம் மாறும் ஒரு கோடு

தொடக்கத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வாதுமை இலை நாற்பது ஐம்பது பொறுக்குங்கள். காலையில் விழுந்தது வளையும், நேற்றோ முந்தாநாளோ விழுந்தது மொறுமொறுக்கும், இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். மொறுமொறுப்பை அரை மணித்தியாலம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் ஓரளவு இளகும். பிறகு உரப்பையை விரித்து அதன்மேல் நிறவாரியாகப் பிரியுங்கள். இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். சிவப்பு என்று ஒரே குவியலாகப் போட்டதை மறுபடி பார்த்தால் அதற்குள் நாலு சிவப்பு இருக்கும்: நடுநரம்பு மட்டும் மஞ்சளாக விட்டு மற்றதெல்லாம் சிவந்தது, நுனியில் தொடங்கிக் காம்புவரை சிவந்தது, முழுக்கச் சிவந்து புள்ளி விழுந்தது, சிவப்புத் தாண்டிக் கறுக்கத் தொடங்கியது. நிறப் பெயரைப் பார்க்காமல் பக்கத்து இலையைப் பார்த்துப் பார்த்து அடுக்குங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறுவது கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும், அதே நேரம் கோட்டின் தலையும் வாலும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும்.

இலையின் மேற்பக்கம் பளபளக்கும், அடிப்பக்கம் மங்கல். எல்லாம் ஒரே பக்கமாக இருக்கட்டும், காம்பும் ஒரே திசையில் இருக்கட்டும். வெறுமனே தரையில் ஒன்றின்மேல் ஒன்று பாதி மூடினாற்போல் வைத்துக்கொண்டு போனாலே முதல் வேலை முடிந்தது. காற்று வந்தால் பறக்கும், அதற்கு ஈர நிலம் உதவும். கடற்கரையில் ஈர மணல்மேல் வைத்து, ஒவ்வொரு இலையின் நடுநரம்பையும் விரலால் மெல்ல அமுக்கிவிட்டால் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் ஈர்க்கால் பிணைக்கப் பழகுங்கள். ஈர்க்கை விரற்கணு நீளத்துக்கு, இரண்டு முனையும் சாய்வாக வரும்படி நறுக்க வேண்டும், நேராக நறுக்கினால் முனை மழுங்கி இலையைக் கிழித்துவிடும். இரண்டு இலையின் ஓரங்களை ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஈர்க்கை மேலிருந்து குத்தி அடியில் எடுத்து, ஒரு பக்க நரம்பைத் தாண்டி மறுபடி மேலே கொண்டுவாருங்கள். நரம்புக்குக் குறுக்காகப் போனால்தான் பிடிக்கும், நரம்போடு சேர்ந்து போனால் அந்த வழியாகவே கிழியும். சாப்பாட்டுக்குத் தையல் இலை தைத்த பழைய ஆட்கள் வீட்டில் இருந்தால் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் கையில் அது நொடியில் முடியும். இப்படிப் பிணைத்த ஒரு நீண்ட பட்டையை இரண்டு மரத்துக்கு நடுவே தூக்கிக் கட்டினால் பின்னாலிருந்து வெயில் வரும்போது சிவப்பு இலை எரிகிற மாதிரித் தெரியும். அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் பிணைப்பைப் பழகலாம்.

வட்டம்

நடுவில் ஒரு குச்சி, அதில் தும்புக் கயிறு, கயிற்றின் மறு நுனியில் இன்னொரு குச்சி. இழுத்துப் பிடித்துச் சுற்றினால் வட்டம். கயிற்றைக் குச்சியில் இறுக்கிக் கட்டாமல் தளர்வான கண்ணியாகப் போடுங்கள், இறுக்கினால் சுற்றச் சுற்றக் கயிறு குச்சியில் ஏறி வட்டம் சுருங்கிவிடும்.

எவ்வளவு பொருள் வேண்டும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. கயிறு அரை மீற்றர் என்றால் வட்டத்தின் சுற்றளவு 3 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஒரு இலை 10 சென்றிமீற்றர் இடம் பிடித்தால் வெளிச்சுற்றுக்கு 31, 32 இலை. கயிறு ஒரு மீற்றரானால் 63 இலை. இது வெளிச்சுற்றுக்கு மட்டும். உள்ளே முழுக்க நிரப்புவதென்றால் கயிறு இரட்டிப்பானதும் பொருள் நாலு மடங்காகும். புதியவர்கள் அநேகம் பேர் பாதியில் நிற்பது இங்கேதான். ஆகவே முதலாவது வட்டத்தை அரை மீற்றர் கயிற்றோடு நிறுத்துங்கள், நடுவிலிருந்து வெளியே செய்துகொண்டு போங்கள், பொருள் முடிகிற இடத்தில் வட்டமும் முடிந்துவிடும், குறை தெரியாது.

சிரட்டையும் இளநீர்க் கோம்பையும் வைத்துச் செய்தால் வாயைக் கீழே கவிழ்த்து வையுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும், டெங்குக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேட்பதற்கு முன் நாமே யோசிக்க வேண்டிய விஷயம் அது.

சுருள்

நிலக்கலையில் உலகம் அறிந்த வேலை ஒன்று சுருள்தான். 1970இல் ரொபேர்ட் ஸ்மித்சன் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியில் கருங்கல்லும் மண்ணும் கொட்டி, 450 மீற்றருக்கு மேல் நீளமான சுருள் ஒன்றைத் தண்ணீருக்குள் நீட்டினார். சில வருடத்தில் ஏரி உயர்ந்து அது மூழ்கிப்போய், 2002 அளவில் மறுபடி வெளியே தெரிந்தது. நமக்கு லொறியும் கல்லும் வேண்டாம், நாலு மீற்றர் கயிறும் ஒரு தடித்த கட்டையும் போதும்.

கட்டையை மணலில் உறுதியாக ஊன்றி, கயிற்றின் ஒரு நுனியை அதன் அடியில் கட்டி, முழுக் கயிற்றையும் கட்டையைச் சுற்றிச் சுற்றி வையுங்கள். வெளி நுனியில் கூரான குச்சி ஒன்றைக் கட்டி, கயிறு தளராமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவிழ்கிற பக்கமாக நடந்து மணலில் கீறுங்கள். கயிறு அவிழ அவிழச் சுருள் தானாக விரியும். கட்டையின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி. ஒரு சாண் சுற்றளவுள்ள கட்டை என்றால் ஒரு சாண் இடைவெளி வரும், இன்னும் அகலமாக வேண்டுமென்றால் தடித்த கட்டையைத் தேடுங்கள். கீறிய கோட்டின்மேல் பனங்கொட்டையோ சவுக்கங்காயோ வைக்கோலோ வைத்துக்கொண்டு போகலாம். மெல்லிய வைக்கோல் வைக்கிறபோது கீறலைக் கொஞ்சம் ஆழமாக்கி அதற்குள் படுக்க வையுங்கள், காற்று தூக்காது.

நிற்க வைப்பதும் மிதக்க விடுவதும்

தென்னமட்டை, பனைமட்டை, ஒதுங்கிய கம்பு இவற்றை வரிசையாக நிறுத்தி நிழலோடு சேர்த்துப் படம் எடுப்பது கடற்கரையில் நல்ல வேலை. மூன்றில் ஒரு பங்கு மணலுக்குள் போக வேண்டும். காய்ந்த மணல் பிடிக்காது, குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மிதித்து இறுக்குங்கள். மேற்குப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஓலையோடு நிறுத்தினால் விழுந்துவிடும், ஓலையைக் கழித்துவிட்டு வெறும் மட்டையை நிறுத்துங்கள்.

வாவியில் மிதக்க விடுவதற்கு விடிகாலைதான், காற்று எழும்புமுன். காய்ந்த தென்னமட்டைத் துண்டுகளை முக்கோணமாகவோ சதுரமாகவோ கயிற்றால் கட்டி, அதற்குள் அதே வாவியில் எடுத்த ஆற்றுவாழை இலையையும் பூவையும் நிரப்பினால் சட்டம் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு நீளக் கயிற்றின் நுனி கரையில் கட்டி இருக்கட்டும், விட்டுவிட்டுப் பிறகு நீந்திப் போய் எடுப்போம் என்று நினைக்க வேண்டாம். முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குள் போகத் தேவையே இல்லை.

படம்

வேலை கரைந்துபோகும், படம்தான் மிஞ்சும், அதனால் படத்துக்கும் வேலையளவு நேரம் கொடுங்கள். முதலில் உங்கள் காலடித் தடத்தை ஒரு தென்னோலையால் கூட்டி அழியுங்கள், பின்னோக்கி நடந்துகொண்டே கூட்டினால் தடம் மிஞ்சாது. வட்டமும் சுருளும் மேலிருந்து நேராக எடுக்க வேண்டும், போனைத் தரைக்குச் சமாந்தரமாகப் பிடிக்காவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். சிறிதென்றால் ஒரு கதிரையில் ஏறி நின்று எடுக்கலாம். நிழல் விழாத பக்கமாக நில்லுங்கள். நிற்க வைத்த வேலையை மணலோடு மணலாகப் போனைத் தாழ்த்தி, பின்னால் கடலோ வாவியோ வரும்படி எடுங்கள். தொங்கும் இலைப் பட்டையை வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுங்கள். அப்புறம் மத்தியானம் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்து வையுங்கள். இலை சுருண்டிருக்கும், ஆடு ஒரு பகுதியைத் தின்றிருக்கும், பிள்ளைகள் வந்து தங்கள் பங்குக்கு ஒரு சிரட்டை வைத்திருப்பார்கள். எனக்கு முதல் நாள் படத்தைவிட அந்தப் படங்கள் பெரிதாகப் படுகின்றன, இடத்தில் யார் யார் நடமாடுகிறார்கள் என்று அவைதான் காட்டும்.

முடித்துப் போகும்போது

கயிறு, கத்தி, உரப்பை எல்லாம் உங்களோடு வர வேண்டும். ஊன்றிய கட்டைகளைப் பிடுங்கி, குழிகளை மூடிவிடுங்கள், விடியுமுன் அந்தக் கரையில் வெறுங்காலோடு வலை இழுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஈர்க்குத் துண்டுகள் முனை மேலே பார்த்தபடி கிடக்காமல் பொறுக்கிவிடுங்கள். பக்கத்தில் கிடக்கிற பிளாஸ்டிக் போத்தலையும் கையோடு எடுத்துப் போனால் அடுத்த முறை உங்களுக்கே படம் நன்றாக வரும். மற்றதெல்லாம் இருக்கட்டும், மண் தின்னும்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டால், மாரி முடிந்து மாசி, பங்குனி மாதங்கள். மழையும் ஓய்ந்திருக்கும், கடலும் கொஞ்சம் அடங்கியிருக்கும், பெரும்போக அறுவடையின் வைக்கோல் வட்டையில் கிடக்கும் (சொந்தக்காரரைக் கேட்டு எடுங்கள், அது மாட்டுத் தீனி). வைகாசியில் சடங்கு முடிந்த ஊர்களில் ஓலை கிடைக்கும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது திறந்த கரையை விட்டுவிட்டு மரத்தோப்புக்குள் தொங்கவிடும் வேலைகளையும் வாவியோரத்தில் விடிகாலை வேலைகளையும் செய்யலாம், ஆவணி அளவில் பனங்கொட்டை சேரும். ஐப்பசிக்குப் பிறகு மழை பிடித்துவிட்டால் வெளியே செய்வது கஷ்டம். அந்த மாதங்களில் வீட்டுத் திண்ணையில் இருந்து ஈர்க்கு நறுக்கவும் இலை பிணைக்கவும் கை பழக்குங்கள், வீட்டில் அம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால் பன் இழைப்பதையும் ஓலை முடைவதையும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.